ஆறாத கணுக்கால் சுளுக்கு: சீன மருத்துவ வழியில் 100 நாள்

காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் டிசம்பர் மாதம். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் நான் அக்குபஞ்சர் பார்க்கும் அறைக்கு வந்தார். ஆகஸ்ட் மழையில் களை வெட்டிவிட்டு ஈரச் சரிவில் இறங்கும்போது வலது கால் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. அன்றைக்கே யாரோ விளக்கெண்ணெய் போட்டு அழுத்திச் சுளுக்கு வழித்தார்கள். விடிவதற்குள் கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. அதில் பயந்துபோனவர், நான்கு மாதமாகத் தினமும் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்.

"பனி எறங்குதுன்னா எனக்குத்தான் மொதல்ல தெரியுதுங்க தம்பி. கணு அப்படியே கடுகடுன்னு வந்துருது" என்றார். வலது கால் கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் இறுகிவிடுகிறதாம்.

பாயில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டச் சொன்னேன். இடது காலில் வெளிக்கணுவுக்கு முன்னால், விரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. வலது காலில் அந்தப் பள்ளமே இல்லை; அந்த இடம் மெத்தென்று மேடிட்டிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். வலது கணு இடதைவிடச் சில்லென்று இருந்தது.

தேய்க்கவே கூடாத நாளில் தேய்த்திருக்கிறார்கள். சூடு வேண்டிய மாதங்களில் ஐஸ் வைத்திருக்கிறார். என்னிடம் வரும் ஆறாத சுளுக்குகளில் பலவும் இப்படித் தலைகீழாகப் பார்க்கப்பட்டவைதான். புதுச் சுளுக்குக்கு ஒரு வைத்தியம், பழைய சுளுக்குக்கு வேறு வைத்தியம். சீன மருத்துவத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இது. கீழே சொல்வதெல்லாம் பழைய சுளுக்குக்கு, அதாவது ஆறு வாரம் தாண்டியும் வலி, வீக்கம், அடிக்கடி பிரண்டுகொள்வது என்று தொல்லை தரும் காலுக்கு.

உள்ளே நடப்பது என்ன

வெளிக்கணுவிலிருந்து மூன்று தசைநார்கள் பாத எலும்புகளுக்குப் போகின்றன. கால் உள்பக்கம் மடங்கும்போது பெரும்பாலும் முதலில் கிழிவது முன்பக்கத்து நார். அக்காவின் காலில் மேடிட்டிருந்த பள்ளம் அதன் இடம்தான். நார் கிழியும்போது, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு முனைகளும் சேதமாகின்றன. அதனால் ஒரு கல்லில் கால் வைத்து அது சரியும்போது, காலை இழுத்துப் பிடிக்க வேண்டிய வெளிக்கெண்டைத் தசை ஒரு கணம் தாமதமாக விழித்துக்கொள்கிறது. அந்த ஒரு கணம் போதும், மறுபடி பிரள்வதற்கு.

மலையில் ஏறும்போது பிரள்வது குறைவு, இறங்கும்போதுதான் அதிகம். அதற்கும் காரணம் உண்டு. கணுவின் உள்ளே இருக்கும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். ஏறும்போது பாதம் மேல்நோக்கி மடங்க, அகலமான பகுதி கணுவின் கவட்டையில் இறுக்கமாக உட்காரும். இறங்கும்போது பாதம் கீழ்நோக்கி நீள, குறுகலான பகுதி அங்கே வந்து ஆட்டம் கொடுக்கும். எடை முழுவதும் நாரின் தலையில் விழும்.

சீன மருத்துவம் இதையே வேறு மொழியில் சொல்கிறது. "பு தோங் ஸே தோங்" என்பது அவர்களுடைய பழைய வாக்கு: ஓட்டம் தடைப்பட்டால் வலி. புதுச் சுளுக்கில் 'ச்சி' என்னும் உயிராற்றலும் ரத்தமும் ஓரிடத்தில் தேங்கிச் சூடாகின்றன. அதைக் கலைக்காமல் விட்டால், மாதங்கள் போகப் போகச் சூடு தணிந்து, தேக்கம் மட்டும் மிஞ்சும். அந்த இடத்தில் குளிரும் ஈரமும் வந்து குடியேறும். மழையிலும் பனியிலும் கூடும் வலி, மந்தமான கனம், சூடு பட்டால் சுகம் ஆகியவை இதற்கு அடையாளம். கல்லீரல் தசைநாரை ஆள்கிறது, சிறுநீரகம் எலும்பை ஆள்கிறது என்றும் சொல்வார்கள். இதைக் கேட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். அங்கே அந்தப் பெயர்கள் உறுப்பைவிட ஒரு செயல்தொகுதியையே குறிக்கின்றன. பழைய சுளுக்கில் இடத்தை மட்டும் பார்க்காமல் ஆளின் தெம்பையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

முதல் படி: இது சுளுக்குதானா?

இதைத் தாண்டிவிட்டு எதையும் தொடாதீர்கள். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் உருவான எளிய விதிகள் உலகம் முழுவதும் அவசரப் பிரிவுகளில் பயன்படுகின்றன. வெளிக்கணு அல்லது உள்கணு எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் புடைத்து நிற்கும் எலும்பை அழுத்தினால் வலியா? உள்பக்கம் பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பில் வலியா? அடிபட்ட உடனேயும், இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அந்த விதிகள் புது அடிக்கானவை. பழைய சுளுக்கில் கூடுதலாகச் சிலவற்றைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது கணு நடுவில் மாட்டிக்கொண்டு விடுபடுவது, உள்ளே 'டக்' என்று சத்தத்தோடு வலிப்பது, வெளிக்கணுவுக்குப் பின்னால் ஒரு நரம்பு மாதிரி வழுக்கி முன்னால் வருவது: இவை குருத்தெலும்புச் சேதமாகவோ தசைநாண் பிசகாகவோ இருக்கலாம். எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: புதுசா பழசா?

நாள் கணக்கு மட்டும் போதாது, காலே சொல்லும். புறங்கையை இரண்டு கணுவிலும் மாறி மாறி வையுங்கள். சூடும் சிவப்பும் இருந்தால், நான்கு மாதம் ஆகியிருந்தாலும் அண்மையில் மறுபடி பிரண்டிருக்கிறது என்று பொருள். சூட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போடுங்கள். சில்லிப்பும் மெத்தென்ற வீக்கமும் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

அப்புறம் சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்து எழுதி வையுங்கள், இரண்டு காலுக்கும். அக்காவுக்கு இடதில் 10 சென்டிமீட்டர், வலதில் 5. கடைசியாகக் கண்ணைத் திறந்தபடி ஒற்றைக்காலில் நின்று நொடிகளை எண்ணுங்கள். வலதில் அவர் நின்றபோது ஐந்து விரலும் பாயைக் கவ்விப் பிடித்தன, கணுவின் முன்பக்க நாண்கள் வீணைத் தந்தி மாதிரி துடித்தன. 8 நொடியில் கையைச் சுவரில் ஊன்றிவிட்டார். இந்த இரண்டு எண்களும்தான் இனி உங்கள் அளவுகோல். வலி நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அதை நம்ப முடியாது.

மூன்றாம் படி: சூடு ஏற்றுவது

இதற்குச் சீனர்களின் கைமருந்து 'மோக்ஸா'. 'ஐ' என்னும் செடியின் இலையைக் காயவைத்து, பஞ்சாக இடித்து, தாளில் சுருட்டிய குச்சி. அந்தச் செடி நம் மாசிபத்திரிக்கும், பூக்கடைகளில் கட்டுக்கட்டாக மணக்கும் மரிக்கொழுந்துக்கும் ஒரே குடும்பத்து உறவு. குச்சியின் நுனியைக் கனலாகப் பற்றவைத்து, தோலிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். தோலைத் தொடவே கூடாது. வெளிக்கணுவுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் 10 நிமிடம், கணுவுக்கு நேர் கீழே 5 நிமிடம். சிட்டுக்குருவி கொத்துவது போல மேலும் கீழும் அசைக்கும் முறைக்குச் 'சிட்டுக்குருவிக் கொத்தல்' என்றே பெயர். தோல் இளஞ்சிவப்பாகி, சூடு மேலோடு நிற்காமல் உள்ளே இறங்குவது போல இருந்தால் போதும். எரிச்சல் வந்தால் உடனே தூரப் பிடியுங்கள். இன்னொரு கையின் இரண்டு விரலை அந்த இடத்தின் இருபுறமும் வைத்துக்கொண்டால், சூடு எவ்வளவு என்பது உங்கள் விரலுக்கே தெரியும். புகை அதிகம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வாரத்துக்கு மூன்று நாள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மோக்ஸாவும் வெந்நீரும் வேண்டவே வேண்டாம். சுட்டது தெரியாமல் புண்ணாகிவிடும். புண், தோல் நோய், ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களும் அப்படியே.

குச்சி கிடைக்காவிட்டால் கவலையில்லை. கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அதே உப்பு ஒத்தடம் சீன மருத்துவத்திலும் உண்டு.

இனி, காலை நனைக்கும் கஷாயம். 1742-இல் சீன அரசவை தொகுத்த மருத்துவ நூலில், அடிபட்ட நாருக்கும் எலும்புக்கும் ஆவி பிடித்துக் கழுவ ஒரு கஷாயம் இருக்கிறது. பெயர் 'ஹாய் தோங் பி'. அதன் தலைமைச் சரக்கு என்ன தெரியுமா? நம் ஊரில் வேலி ஓரமும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நட்டு வளர்க்கும் கல்யாண முருங்கையின் பட்டை! முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கூடவே குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் குசும்பப் பூவும் சேர்ப்பார்கள். பழகிய கை இல்லாமல் அளவு பார்க்க முடியாததால் அந்தக் கஷாயத்தை வீட்டில் காய்ச்சச் சொல்ல மாட்டேன். உள்ளுக்குக் குடிக்கவும் கூடாது. வீட்டுக்கு நொச்சி இலையும் புளிய இலையும் கொதித்த நீரே போதும். முறையை மட்டும் சீனர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: கொதி அடங்கிய பாத்திரத்தின் மேல் காலை நீட்டி, துண்டு போர்த்தி முதலில் ஆவி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் 15 நிமிடம் முழுக் கணுவும் மூழ்க நனைப்பது, நனைத்தபடியே பாதத்தை மெல்ல அசைப்பது. முடிந்ததும் நன்றாகத் துடைத்து உடனே சாக்ஸ் போட வேண்டும். ஈரக்காலோடு ஏற்காட்டுச் சிமென்ட் தரையில் நடந்தால் செய்த வேலை வீண்.

நான்காம் படி: புள்ளிகள்

அளவுக்கு உங்கள் கையே கருவி. கட்டைவிரல் அகலம் ஒரு 'சுன்'. நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் மூன்று சுன். நம் ஊர் அக்குபஞ்சர்காரர்கள் எண்ணால் சொல்வார்கள், அதையும் தருகிறேன். எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்து, புள்ளி இருக்கும் ஓட்டப் பாதையின் ஆங்கிலச் சுருக்கம்: ஜி.பி. பித்தப்பை, யு.பி. சிறுநீர்ப்பை, எஸ்.டி. வயிறு.

ஜி.பி. 40, சீனப் பெயர் 'ச்சியூ சூ': வெளிக்கணுவுக்கு முன்னும் கீழும் உள்ள அதே பள்ளம். யு.பி. 62, 'ஷென் மாய்': வெளிக்கணு நுனிக்கு நேர் கீழே உள்ள பள்ளம். யு.பி. 60, 'குன்லுன்': வெளிக்கணுவுக்கும் குதிகால் நாணுக்கும் நடுவே. எஸ்.டி. 41, 'ஜியே ஷி': கணுவின் முன்மடிப்பில், இரண்டு நாண்களுக்கு நடுவில், ஷூ நாடா முடிச்சு விழும் இடம். இவை நான்கும் பக்கத்துப் புள்ளிகள். தூரத்தில் ஒன்றைக் கட்டாயம் சேர்ப்பேன்: ஜி.பி. 34, 'யாங் லிங் ச்சுவான்'. முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் உருண்டையாகத் தட்டுப்படும் எலும்புக்கு முன்னும் கீழும் உள்ள பள்ளம். உடலின் எல்லாத் தசைநாருக்கும் இது கூடுமிடம் என்பது சீன மரபு. பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பும் வெளிக்கெண்டைத் தசை அந்த எலும்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை தவிர 'ஆ ஷி' என்று ஒரு வகை உண்டு. அழுத்தும்போது நோயாளி "ஆ, அதேதான்!" என்று சொல்லும் இடமே புள்ளி. 7-ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவோ எழுதி வைத்தது. பழைய சுளுக்கில் இது பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில் இருக்கும். அக்காவுக்கு வெளிக்கணுவுக்கு நான்கு விரல் மேலே, எலும்பை ஒட்டி இருந்தது. அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வீட்டில் ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றுங்கள். கர்ப்பிணிகள் யு.பி. 60-ஐயும், உள்கணுவுக்கு நான்கு விரல் மேலே உள்ள புள்ளியையும் தொடக் கூடாது.

ஊசியை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்ணெதிரே உறை பிரித்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி 20 முதல் 30 நிமிடம் இருக்கும். கனமாக, விறுவிறுவென்று ஓர் உணர்வு பரவும். 10 அமர்வு ஒரு சுற்று. எனக்குப் பிடித்த ஒரு முறை, வலிக்கும் கணுவைத் தொடாமல் எதிர்க்கையின் மணிக்கட்டில் ஊசி வைத்து, அது இருக்கும்போதே காலை அசைக்கச் சொல்வது. பயந்து பயந்து காலை அசைக்காமலே வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். கணுக்கால் சுளுக்குக்கு அக்குபஞ்சர் பற்றி 2014-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்றே முடிவு சொன்னது. சமநிலைப் பயிற்சி மறுபடி பிரள்வதைக் குறைக்கிறது என்பதற்கோ நல்ல சான்று இருக்கிறது. ஆகவே என்னிடம் வருபவர்களிடம் நான் சொல்வது: ஊசியும் சூடும் வலியைத் தணித்து வழி திறந்து விடும், அந்த வழியில் நடக்க வேண்டியது நீங்கள். ஆறாம் படியைச் செய்யாதவருக்கு ஊசி போட்டுக் காசு வாங்க எனக்கு மனசு வராது.

ஐந்தாம் படி: துய் நா

'துய் நா' என்பது சீனக் கைவைத்தியம். சுளுக்கு வழிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், வரிசை. முதலில் வலிக்கும் இடத்தைத் தொடாமல் முட்டியிலிருந்து கீழ்நோக்கிக் கெண்டையைப் புறங்கையால் உருட்டித் தளர்த்த வேண்டும். பிறகு கணுவைச் சுற்றி மெதுவாகப் பிசைவது. அதன் பிறகே இழுப்பு: ஒரு கை குதிகாலை ஏந்த, இன்னொரு கை பாதத்தின் மேல்புறத்தைப் பிடிக்க, மெல்ல நீளவாக்கில் இழுத்து 10 நொடி நிறுத்தி, இழுத்தபடியே பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. வெடுக்கென்று திருகி 'டக்' சத்தம் வரவைக்கும் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்.

தேய்க்க 'தியே தா' தைலம் என்று சீன மருந்து சாராயங்கள் விற்கிறார்கள். சிலவற்றில் பச்சை நாபிக் கிழங்கு சேரும், அது கடும் விஷம். சரக்கு எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள், வெட்டுக்காயத்தின் மேல் எதையும் தடவாதீர்கள். நல்லெண்ணெய் போதும்.

ஆறாம் படி: காலுக்கு நிற்கக் கற்றுக்கொடுப்பது

முதல் இரண்டு வாரம்: உட்கார்ந்தபடி கால் கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள், காலையும் மாலையும். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முட்டி அசையக் கூடாது, கணுதான் எழுத வேண்டும். 'ஔ' எழுதி முடிக்கும்போது வெளிக்கெண்டை கனத்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து பழைய சைக்கிள் டியூபை வெட்டி, கட்டில் காலில் கட்டி, பாதத்தின் வெளி ஓரத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுங்கள். 15 தடவை, மூன்று சுற்று. திரும்பும்போது இன்னும் மெதுவாக விடுங்கள், பலன் அங்கேதான். குதிகால் தூக்கி இறக்குவதும் அதே கணக்கு.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒற்றைக்கால். பல் துலக்கும்போது சுவரோரம் நின்று செய்தால் மறக்காது. 30 நொடி ஆட்டமில்லாமல் நிற்க முடிந்ததும் மடித்த கோரைப்பாயின் மேல். அதுவும் பழகியதும் தரையில் கண்ணை மூடி. கண்ணை மூடியதும் கணு பதறும், பயப்படாதீர்கள். செத்துப்போன உணர்வு முனைகளின் வேலையை மற்றவை கற்றுக்கொள்ளும் நேரம் அது.

எட்டாம் வாரத்திலிருந்து தாய் ச்சி நடை, அதாவது மெதுவாக அசையும் சீன உடற்பயிற்சியின் நடை. ஒரு காலில் முழு எடையும் இருக்கும்போது அது 'நிறைந்த' கால், மற்றது 'வெற்று' கால். வெற்றுக் காலின் குதிகாலை மெல்ல முன்னால் வைத்து, எடையைத் துளித் துளியாக அதில் ஊற்றி, அது நிறைந்த பிறகே பின்காலைத் தூக்க வேண்டும். மொட்டை மாடியில் பத்து நிமிடம். அவசரப்பட்டால் இதில் ஒன்றுமே இல்லை.

சாப்பாட்டில் பெரிய விதி எதுவும் நான் வைப்பதில்லை. நாருக்கு நார் என்ற எண்ணத்தில் அவர்கள் விலங்கு நாண்களைச் சூப் வைப்பார்கள், நாம் ஆட்டுக்கால் சூப். சூடாகச் சாப்பிடுங்கள், பருப்பும் முட்டையும் குறையாமல் இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்புவது

நாரோ எலும்போ அடிபட்டால் 100 நாள் என்பது சீனப் பழமொழி. கணக்கு ஏறக்குறைய சரியாகவே வருகிறது. அதற்காக 100 நாளும் வீட்டில் உட்கார முடியாது. அம்மாபேட்டைப் பக்கம் குழித்தறியில் மிதிப்பவர்களுக்கு, மிதியை விரல் நுனியால் மிதிக்காமல் முழுப் பாதத்தால் மிதிக்கவும், மணிக்கு ஒருமுறை குழியை விட்டு எழவும் சொல்கிறேன். எஸ்டேட்டில் சரிவில் நேராக இறங்காமல் குறுக்கே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். கூடை நிறைந்திருக்கும்போது கட்டாயமாக. ரப்பர் பூட்ஸ் மழைக்கு நல்லது, ஆனால் கணுவை அது பிடிப்பதில்லை. உள்ளே ஈரம் வேறு. காலையில் காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி கூடுதலாகக் கொண்டுபோங்கள்.

அந்த அக்கா மார்ச் கடைசியில் வந்தார். சுவர் அளவு வலதில் 9 சென்டிமீட்டர், ஒற்றைக்காலில் 40 நொடி. கொலுசு இரண்டு காலிலும் இருந்தது. முன்பள்ளம் இடதைப் போல ஆழமாக இல்லை, ஆனாலும் விரல் பதிந்தது. மலையேறும் முன், கண்ணை மூடி நிற்கும் பயிற்சியை இன்னும் மூன்று மாதம் விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

இடையில் மறுபடி பிரண்டுவிட்டால் அது புதுச் சுளுக்கு. முதல் இரண்டு மூன்று நாள் மோக்ஸா, வெந்நீர், தேய்ப்பு, சாராயம் எதுவும் கூடாது. கொலுசைக் கழற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி, கிரேப் பாண்டேஜ் சுற்றுங்கள். வலி தாங்கவில்லையென்றால் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். முதல் படியில் சொன்ன எலும்பு இடங்களை மறுபடி அழுத்திப் பாருங்கள். சூடு அடங்கி, புறங்கைக்கு இரண்டு கணுவும் ஒன்றுபோலத் தெரிந்த பிறகு, அ எழுதுவதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.